கக்கூஸ் கட்டுவது யார் கடமை?



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயரைச் சொன்னதும் சிலர் வானொலியின் ஓசையைக் குறைக்கக் கூடும். சாப்பாட்டு நேரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கக்கூஸின் வரலாற்றைத்தான் பேசப்போகிறோம். இந்தச் சொல்லே நம்முடையது அன்று. டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்திலும் இலங்கையிலும் ஆட்சி செய்த காலத்தில் அவர்கள் மொழியிலிருந்து நம் பேச்சில் ஒட்டிக்கொண்டது. பொருளைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டவர்கள் பெயரையும் கடனாக வாங்கிக்கொண்டார்கள் போலும்!

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் ஒரு பேச்சை அடிக்கடி கேட்டிருப்பார்கள். "இந்த ஜனங்களுக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்தாலும் போகமாட்டார்கள், காட்டோரம்தான் அவர்களுக்குப் பழக்கம்." துரை சொன்னார், கிராணி சொன்னார், பிறகு நம்மவர்களே நம்மவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். லயத்தைச் சுற்றியிருந்த அசுத்தத்துக்குக் காரணம் தொழிலாளியின் பழக்கமா, அல்லது முதலாளி செய்யத் தவறிய ஏற்பாடா? இதற்கு விடை காண, முதலில் ரப்பர் மரமே இல்லாத ஒரு நாட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து நாட்டின் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து ரயில் விடுவதற்காக 1872-இல் கோத்தார்டு சுரங்கப் பாதை வேலை தொடங்கிற்று. நீளம் சுமார் 15 கிலோமீட்டர். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலிய ஏழைகள். மலையின் வயிற்றுக்குள் 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பம், எங்கும் ஈரம், காலடியில் சேறு. ஒழுங்கான கக்கூஸ் ஏற்பாடு உள்ளே இல்லை. இருந்த இடத்திலேயே ஒதுங்கினார்கள். 1880-ஆம் ஆண்டு வாக்கில் அந்தத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வெளுத்துச் சோர்ந்து விழத் தொடங்கினார்கள். மண்வெட்டியைத் தூக்க முடியாத அளவுக்குச் சோகை. இத்தாலியின் தூரின் நகரத்துப் பேராசிரியர் பெரோன்சித்தோ முதலியோர் ஆராய்ந்து, குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவே காரணம் என்று காட்டினார்கள்.

இந்தப் புழு உடலுக்குள் எவ்வழியாகப் போகிறது என்பது வெகு நாள் புதிராக இருந்தது. எகிப்தின் கெய்ரோ நகரில் வேலை செய்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், புழுக்குஞ்சுகள் நிறைந்த நீர் ஒரு நாள் தம் கையில் சிந்தியதையும், சிறிது நேரத்தில் அவ்விடம் சிவந்து அரித்ததையும் கவனித்தார். சில வாரங்கள் கழித்து அவர் மலத்திலேயே அந்தப் புழுவின் முட்டைகள் தென்பட்டன. வாய் வழியாக மட்டுமன்று, தோலைத் துளைத்தும் புழு போகும் என்பதை 1898-இல் அவர் வெளியிட்டார். மண்ணில் விழுந்த மலத்திலுள்ள முட்டை ஓரிரு நாளில் பொரிக்கிறது. ஒரு வாரம் அளவில் குஞ்சு தோலைத் துளைக்கும் பருவத்தை அடைகிறது. வெறுங்காலோடு அம்மண்ணை மிதிப்பவரின் விரல் இடுக்கு அரிக்கும். பிறகு இரத்தத்தோடு நெஞ்சுக்கும், அங்கிருந்து தொண்டை வழியாகக் குடலுக்கும் போய்ச் சேருகிறது. நிழல், ஈரம், வெப்பம், வெறுங்கால் ஆகிய நான்கும் அதற்கு வேண்டும். விடியற்காலைப் பால்மரக் காட்டைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியிலுள்ள டால்கோத் ஈயச் சுரங்கத்திலும் 1902-இல் இதே சோகை கண்டது. ஹால்டேன் என்ற அறிஞர் ஆராய்ந்தார். சுரங்கத்துக்குள் சரியான வாளிகள் வைத்து, அவற்றை ஒழுங்காக மேலே கொண்டுவந்து சுத்தம் செய்யவேண்டும் என்பதே அவர் காட்டிய வழி. கோத்தார்டில் நோயுற்றவர்கள் இத்தாலியர், டால்கோத்தில் ஆங்கிலேயர். அவர்களைப் பற்றி யாரும் "பிறவிப் பழக்கம்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. ஏற்பாடு இல்லை என்றுதான் சொன்னார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

அதே காலத்தில் பிரிட்டனின் ஆலைகளில் வேறொரு போராட்டமும் நடந்துகொண்டிருந்தது. 1893-இல் மே ஏபிரகாம், மேரி பாட்டர்சன் என்ற இரு பெண்கள் அந்நாட்டின் முதல் பெண் ஆலை ஆய்வாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். ஆண் அதிகாரியிடம் சொல்ல வாய் வராத குறைகளை ஆலைப் பெண்கள் இவர்களிடம் சொன்னார்கள். கதவில்லாத கக்கூஸ், ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவான கக்கூஸ், தண்ணீர் வராத கக்கூஸ் எல்லாம் அரசாங்க அறிக்கைகளில் ஏறின. 1901-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், போதுமான, ஆண் பெண்ணுக்குத் தனித்தனியான கக்கூஸ் அமைப்பது முதலாளியின் பொறுப்பு என்றது. 1903-இல் வந்த உத்தரவு எண்ணிக்கையையே சொல்லிவிட்டது: 25 பெண்களுக்கு 1 கக்கூஸ். அதாவது மலாயாவில் ரப்பர்க் காடுகள் பெருகத் தொடங்கிய அதே ஆண்டுகளில், பல தோட்டக் கம்பெனிகளின் சொந்த நாட்டில் இந்தக் கடமை எண் போட்டு எழுதப்பட்டுவிட்டது. தெரியாமல் விட்டார்கள் என்று சொல்ல இடமில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கங்காணி மூலமாகக் கப்பலேறி வந்த நம் முன்னோர் பத்தடிக்குப் பத்தடி அறைகள் கொண்ட நீண்ட லயங்களில் நெருக்கி வைக்கப்பட்டார்கள். ஊரில் பரந்த வெளியில் சிதறிக் கிடந்த பழக்கம், நூறு குடும்பங்கள் ஒட்டி வாழும் இடத்தில் நஞ்சாக மாறியது. மலேரியா ஒரு பக்கம்; வயிற்றுக்கடுப்பும் சோகையும் மறுபக்கம். 1915-இல் அமெரிக்க ராக்ஃபெல்லர் நிறுவனம் கொக்கிப்புழுவை ஆராய ஒரு குழுவை இந்தக் கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பியது. பனாமாக் கால்வாய் வேலையில் பெயர் பெற்ற டாக்டர் டார்லிங் அதன் தலைவர்; பார்பர், ஹாக்கர் என்பவர்கள் உடன் இருந்தார்கள். மலாயாத் தோட்டங்களில் தொழிலாளர்களுக்குச் செனப்போடியம் எண்ணெய் கொடுத்து, வெளியேறிய புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். மிகவும் பொறுமையான வேலைதான்! மலாயா, ஜாவா, பிஜித் தீவுகள் ஆகியவற்றைப் பற்றிய அவர்கள் அறிக்கை 1920-இல் வெளிவந்தது. அந்தக் கசப்பு மருந்தைக் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். மருந்து புழுவை வெளியே தள்ளும். ஆனால் அடுத்த நாள் காலை அதே மண்ணை மிதித்தால் அதே புழு மீண்டும் ஏறும். மண்ணைச் சுத்தமாக வைத்திருக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் டிரெஸரின் மருந்து ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான்.

சட்டம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1912-இல் தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்று வந்தது. வீடு, நல்ல தண்ணீர், சுகாதார ஏற்பாடு, மருத்துவம் ஆகியவை முதலாளியின் கடமை என்று அது கூறியது. 1923-இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் பள்ளி வைக்கவேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருந்தது. எங்களைப் போன்ற தோட்டப்பள்ளி ஆசிரியர்களின் பிழைப்பே அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1924-இல் தோட்டங்களின் சுகாதாரத்தை விசாரிக்க ஒரு குழு அமர்ந்தது. அதன் பயனாகத் தோட்டங்களிடம் வரி வாங்கிச் சுகாதாரத்தைக் கவனிக்கும் வாரியங்கள் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டன. தோட்ட முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. ரப்பர் விலை விழுந்த 1930-களின் தொடக்கத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. விலை ஏறும்போது கிடைக்காத கக்கூஸ், விலை இறங்கும்போது மட்டும் எப்படிக் கிடைக்கும்?

கட்டிக் கொடுத்த கக்கூஸ்களுக்குத் தொழிலாளர்கள் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு இப்போது வருவோம். நம் பெரியவர்களைக் கேட்டால் பதில் கிடைக்கும். லயத்திலிருந்து தள்ளி, பள்ளத்தில், வரிசையாகத் தகர அடைப்புகள். விளக்கு இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை; சில இடங்களில் கதவே இல்லை. குழியோ வாளியோ நிரம்பியிருக்கும். தண்ணீர் கொண்டு கழுவிக்கொள்ளும் வழக்கமுடைய மக்களுக்குத் தண்ணீர்க் குழாய் லயத்துப் பக்கமே இருந்தது; கையில் தகர டின் ஏந்தி அத்தனை பேர் பார்க்க நடக்கவேண்டும். மழைக்காலத்து இருட்டில் பாம்பு பயம் வேறு. காட்டோரம் இதைவிடச் சுத்தமாக இருந்தது என்பதே உண்மை. தாழ்ப்பாளும் தண்ணீரும் விளக்கும் உள்ள கக்கூஸ் வீட்டை ஒட்டி வந்தபோது அதே மக்கள், அதே பழக்கமுடையவர்கள், யாரும் சொல்லாமலே அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பழக்கம் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல மறுமொழி வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த வாளிகளைத் தூக்கிச் சுத்தம் செய்தவர் யார்? தோட்டத்து வாசக்கூட்டி. பெரும்பாலும் இந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த குடும்பங்கள். முதலாளி தம் கடமையை ஒரு வாளியும் விளக்குமாறும் கொடுத்து அவர் தலையில் இறக்கிவைத்தார். லயத்திலிருந்த மற்றவர்கள் அந்தக் குடும்பத்தோடு தண்ணீர் புழங்க மறுத்தார்கள். கையுறையும் இல்லை, சப்பாத்தும் இல்லை. கொக்கிப்புழு முதலில் ஏறியது அவர்கள் காலில்தான் இருக்கும். துரையின் குற்றத்தை எண்ணும்போது நம்மவர் குற்றத்தையும் சேர்த்து எண்ணுவதே நேர்மை.

பெண்களின் கதை தனி. 1928-ஆம் ஆண்டளவில் நிர்ணயிக்கப்பட்ட கூலி, எளிதில் போக்குவரத்துள்ள வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கூலியில் குறைத்தவர்கள் வேலையில் குறைக்கவில்லை. இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு நின்று, நிரையில் பால் வெட்டி, மீண்டும் சுற்றிப் பால் எடுத்து, வாளி சுமந்து ஸ்டோரில் ஊற்றி வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். அத்தனை மணி நேரமும் ஒதுங்க இடம் மரத்து மறைவுதான். சட்டம் பேசியதும் அதிகாரிகள் வந்து பார்த்ததும் பெரும்பாலும் லயத்தையே. நிரையில் நிற்கும் பெண் எங்கே ஒதுங்குவாள் என்று கேட்டவர் அரியர். தண்ணீர் குடித்தால் ஒதுங்கவேண்டி வருமே என்று குடிக்காமலே வேலை செய்த தாய்மார்கள் உண்டு. அதனால் வந்த நீர்க்கடுப்பையும் அவர்களே தாங்கிக்கொண்டார்கள்.

மாதவிலக்கு நாட்களை நினைத்துப் பாருங்கள். பழைய சேலையைக் கிழித்த துணி, மாற்ற இடமில்லை, மாற்றிய துணியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு மீதி மரங்களை வெட்டவேண்டும். வீட்டுக்கு வந்தால் அலசப் பொதுக் குழாயடி. ஆண்கள் கண்ணில் படக்கூடாதென்று, வெயில் பட வேண்டிய துணியை லயத்தின் பின்புறத்து நிழலில், வேறு துணிக்கு அடியில் காயப்போட்டார்கள். ஈரம் உலராத துணியால் புண்ணும் அரிப்பும் வந்தன. கொக்கிப்புழு உறிஞ்சும் இரத்தம் ஒரு பக்கம், மாதந்தோறும் போகும் இரத்தம் ஒரு பக்கம், பேறுகாலத்து இரத்தம் மற்றொரு பக்கம். தோட்டத்துப் பெண்கள் ஏன் அவ்வளவு வெளுத்திருந்தார்கள் என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையா?

சுதந்திரத்துக்குப் பின், 1966-இல் தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் சட்டம் வந்த மறுநாளே லயங்கள் மாறிவிடவில்லை. 1970-களில் சுகாதார அமைச்சு கிராமங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் கக்கூஸை எடுத்துச் சென்றது. வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்பதால் ஈயும் நாற்றமும் மேலே வராது. மலிவான, மிக நல்ல அமைப்பு. கிராமத்துக்கு அரசாங்கம் பொருள் கொடுத்தது. வீட்டார் கூடிக் கட்டிக்கொண்டார்கள். தோட்டமோ தனியார் நிலம். கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் அதன் எல்லைக் கம்பியோடு நின்றுவிட்டன. அங்கே செய்யவேண்டியவர் முதலாளி என்பது அரசாங்கத்தின் கணக்கு. செய்தவர்களும் உண்டு, நிலத்தை எப்போது விற்பது என்று காத்திருந்து தள்ளிப்போட்டவர்களும் உண்டு. பக்கத்துக் கம்பத்தில் வெள்ளை மங்கு பதித்த கக்கூஸ், கம்பிக்கு இப்பால் பழைய குழி என்ற நிலை பல இடங்களில் நீடித்தது. 1990-இல் பழைய சட்டத்தை நீக்கி 446-ஆம் எண் சட்டம் வந்தது. இலவசக் குழாய்த் தண்ணீர், மின்சாரம், வீடுகளைப் பழுது பார்த்து வைப்பது, வாரந்தோறும் குடியிருப்பைச் சுற்றிப் பார்ப்பது எல்லாம் அதில் நிர்வாகத்தின் கடமைகளாயின. இது 2019-இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் 1 முதல் தோட்டம் தவிர மற்ற தொழில்களின் தங்குமிடங்களுக்கும் விரிந்தது. நம்மவர்கள் விட்டு வந்த லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் தங்கியிருக்கிறார்கள். இந்தக் கடமை அவர்களுக்கும் உரியதே.

இதற்கிடையில் தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாசிலும், சிலாங்கூரின் சுங்கை வேயிலும் சுதந்திர வர்த்தக வட்டாரங்கள் திறந்தபின், தாயார் பால் வெட்ட, மகள் மின்னணு ஆலையில் உட்கார்ந்தாள். 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் 1970-இல் வந்த விதிகள் பெண்களுக்குத் தனிக் கக்கூஸ் வேண்டும் என்றன. கக்கூஸ் கிடைத்தது. ஆனால் துணிக்குப் பதில் கடையில் வாங்கும் பேட் வந்தபின் புதுச் சிக்கல் ஒன்றும் வந்தது: மாற்றியதை எங்கே போடுவது? உள்ளே வாளி இல்லாத இடத்தில், வெட்கத்தினால் மங்குக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். பஞ்சு ஊறிப் பெருத்துக் குழாயை அடைக்கும். உடனே "பெண்களுக்கு ஒழுங்கு தெரியவில்லை" என்று கதவில் அறிவிப்பு ஒட்டப்படும். பழைய துரையின் வாசகம்தான் இது. எழுத்து மட்டும் புதிது.

தேவையானது பெரிய செலவு அன்று. ஒவ்வொரு பெண்கள் கக்கூஸின் உள்ளேயும், வெளியே அன்று, மூடியுள்ள ஒரு வாளி. காலால் மிதித்துத் திறப்பதாயின் நல்லது. உள்ளேயே தண்ணீர்க் குழாய், ஏனெனில் நம் நாட்டில் பலர் பேட்டை அலசிச் சுருட்டிப் போடும் வழக்கமுடையவர்கள். வாளி நாள்தோறும் காலியாகவேண்டும். காலி செய்பவருக்குக் கையுறையும் கைகழுவச் சவர்க்காரமும் வேண்டும். மீண்டும் ஒரு வாசக்கூட்டியை உருவாக்கிவிடக் கூடாது. நகராண்மைக் குப்பை வண்டி வராத தோட்டங்களில், நாய் இழுத்துப் போகாதபடி அதைப் புதைக்கவோ அப்புறப்படுத்தவோ நிர்வாகமே ஏற்பாடு செய்யவேண்டும். பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டு வேலையிட விதிகளோடு வந்த நடைமுறைக் குறிப்பு, பெண்களின் கக்கூஸில் இப்பொருள்களைப் போடத் தகுந்த ஏற்பாடு வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. பள்ளிக்கூடங்களுக்கும் இது பொருந்தும். தண்ணீரும் வாளியும் இல்லாத கக்கூஸ் உள்ள பள்ளியில், பெரிய மாணவிகள் மாதத்தில் இரண்டு மூன்று நாள் வராமல் நின்றுவிடுவதை ஆசிரியர்களாகிய நாங்கள் வருகைப் பதிவேட்டிலேயே பார்க்கிறோம். காரணம் கேட்டால் "வயிற்று வலி" என்று தாயார் கடிதம் கொடுப்பார். நாங்களும் மேற்கொண்டு கேட்பதில்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 2024 ஜூன் 1-இல் நீக்கப்பட்டது. அதே நாளில், 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், ஒரு சில விலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது. தோட்டங்கள் தொடக்கத்திலிருந்தே அதனுள் அடங்கியவை. உடல்நலத்துக்குக் கேடில்லாத, வேலை செய்பவரின் நலனுக்குப் போதிய வசதியுள்ள சூழலை அமைத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று அதில் பொதுவாக எழுதியிருக்கிறது. அந்தப் பொதுவான வரிக்குள் மூடியுள்ள வாளியும் அடங்கும் என்பதை யாராவது எடுத்துச் சொல்லியாகவேண்டும். சொல்வதற்கு இடமும் இருக்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு ஒன்று இருக்கவேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்காரவேண்டும். உங்கள் தோட்டத்திலோ ஆலையிலோ அந்தக் குழுவில் இருப்பவர்கள் யார், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று இந்த வாரமே ஆப்பிசில் விசாரித்துப் பாருங்கள்.